அமெண்ட் செய்தபின் புஷ் மறுக்கப்பட்டால்

கேள்வி: கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சர்வருக்குப் புஷ் செய்துவிட்ட, அதாவது அனுப்பிவிட்ட கமிட்டின் (பதிந்த மாற்றத்தின்) செய்தியில் எழுத்துப்பிழை. அமெண்ட் செய்து (கடைசிக் கமிட்டைத் திருத்தி) மறுபடி புஷ் செய்தால் ‘ரிஜெக்டட், நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்’ என்று வந்தது. கிட் சொன்னபடியே புல் செய்தேன் (சர்வரில் உள்ளதை எடுத்து என்னுடையதோடு இணைத்தேன்). இப்போது ஒரே கமிட் இரண்டாக நிற்கிறது. இன்னும் புஷ் செய்யவில்லை. ஃபோர்ஸ் போடலாமா (சர்வரில் உள்ளதை வலிந்து மேலெழுதலாமா)? அதே பிராஞ்சில் (கிளையில்) இன்னொருவரும் இருக்கிறார்.

பதில்: போடலாம், ஆனால் வெறும் ஃபோர்ஸ் வேண்டாம்.

அமெண்ட் என்பது பெயருக்குத்தான் திருத்தம். கமிட்டின் அடையாள எண்ணில் செய்தியும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், ஓர் எழுத்து மாறினாலும் அது புதுக் கமிட். பிழையுள்ள கமிட்டை ஆ என்றும், அமெண்ட் செய்ததை இ என்றும், அவற்றுக்கு முந்தையதை அ என்றும் வைத்துக்கொள்வோம். சர்வரில் அ, ஆ; உங்களிடம் அ, இ. ‘ஆ எங்கே?’ என்று சர்வர் கேட்கிறது; அதுதான் ‘நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்’. நீங்கள் வேண்டுமென்றே விட்ட ஆ-வைத்தான் புல் திரும்பக் கொண்டுவந்து இ-யோடு ஒட்டிவிட்டது. புல் --ரீபேஸ் (உங்கள் கமிட்டுகளைச் சர்வரில் உள்ளவற்றின் மேல் மறுபடி அடுக்குவது) போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை: கோடு அப்படியே இருப்பதால், ‘இது ஏற்கெனவே இருக்கிறதே’ என்று இ-யையே தவிர்த்துவிடும், எழுத்துப்பிழை மறுபடி வந்து உட்காரும்.

முதலில் புல் உருவாக்கிய அந்த மெர்ஜை (இணைப்புக் கமிட்டை) நீக்குங்கள்: கிட் ரீசெட் --ஹார்ட் ஹெட்~1. கமிட் ஆகாத மாற்றங்கள் இருந்தால் அதற்கு முன்பே ஸ்டாஷில் (தற்காலிக ஒதுக்கிடத்தில்) போடுங்கள், இல்லையென்றால் போய்விடும். பிறகு கிட் ஃபெட்ச் (சர்வரின் நிலையை எடுத்துவரும், இணைக்காது). அடுத்து கிட் லாக் ஹெட்..ஆரிஜின்/பிராஞ்ச்பெயர் (ஆரிஜின் என்பது சர்வர்; பிராஞ்ச்பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பிராஞ்சின் பெயர்). சர்வரில் உள்ள, ஆனால் உங்களிடம் இல்லாத கமிட்டுகள் மட்டும் இதில் தெரியும்.

பழைய ஆ ஒன்றுதான் தெரிகிறதா? கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ். நீங்கள் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே சர்வர் இருந்தால்தான் இது மேலெழுதும். ஒரு ஓட்டை உண்டு: பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்யும் எடிட்டர் இருந்தால், நீங்கள் பார்க்காததையும் ‘பார்த்ததாக’ கிட் எடுத்துக்கொள்ளும். கிட் 2.30 முதல் உள்ள --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸையும் சேர்த்துப் போட்டால் அந்த ஓட்டை அடைபடும்.

ஆ-வுக்கு மேல் நண்பரின் கமிட்டும் தெரிந்தால் ஃபோர்ஸை மறந்துவிடுங்கள். ஓர் எழுத்துப்பிழைக்காக அவர் வேலையைப் பறிகொடுக்க வேண்டாம். கிட் ரீசெட் --ஹார்ட் ஆரிஜின்/பிராஞ்ச்பெயர் போட்டுவிட்டுப் பிழையோடு வாழுங்கள்.

மேலெழுதினால் உடனே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கையில் இன்னும் ஆ இருந்தால், அவருடைய அடுத்த புல் அதே இரட்டைக் கமிட்டைத் திரும்பக் கொண்டுவரும். சொந்த மாற்றம் எதுவும் இல்லையென்றால் அவரும் ஃபெட்ச் செய்து, கிட் ரீசெட் --ஹார்ட் ஆரிஜின்/பிராஞ்ச்பெயர் போட்டால் போதும்.