நங்கூரத்தில் நிற்கும் நாட்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பரின் பாய்மரப் படகில் முதன்முறையாகப் பயணம் செய்யவிருக்கிறேன். வானிலை மோசமானால் ஏதேனும் ஒரு குடாவில் நங்கூரமிட்டு இரண்டு மூன்று நாட்கள்கூடக் காத்திருக்க நேரும் என்கிறார். அவ்வளவு நேரமும் படகுக்குள் என்னதான் செய்வது?

பதில்: படகு நின்றுவிட்டால் வேலையும் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். பலத்த காற்றில், நங்கூரமிட்ட படகு இடமும் வலமுமாக அலைந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சலுக்கு நடுவே நங்கூரம் பிடித்த இடத்திலேயே இருக்கிறதா, தரையில் இழுபடுகிறதா என்று கவனிப்பதுதான் முதல் வேலை. படகின் பக்கவாட்டில் கரையைப் பார்த்து, முன்னால் ஒரு பாறை, அதற்கு நேர் பின்னால் ஒரு கம்பம் என ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். படகு அசையும்போது அவை சற்று விலகி மீண்டும் ஒன்றுசேர்ந்தால் கவலையில்லை. விலகியவை விலகிக்கொண்டே போனால் உடனே படகுத் தலைவரை எழுப்ப வேண்டும். இரவில் இந்தப் பொறுப்பை ஜிபிஎஸ் எச்சரிக்கை ஒலி ஏற்கும். ஆனால் படகு அலையக்கூடிய எல்லையாக அதில் குறிக்கும் வட்டத்தை மிகச் சிறியதாக வைத்தால் காரணமின்றி அலறிக்கொண்டே இருக்கும், எரிச்சலில் யாராவது அதை அணைத்துவிடுவார்கள், உண்மையில் படகு நகரும்போது எழுப்புவதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்தது கயிறு. நங்கூரச் சங்கிலியின் திடீர் இழுப்பைத் தாங்குவதற்காக, நீளக்கூடிய ஒரு நைலான் கயிற்றை அதில் மாட்டி அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கட்டியிருப்பார்கள். விளிம்பில் உராயும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இழைகள் பஞ்சுபோல் எழும்பியிருந்தால் கயிறு தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கே ரப்பர் குழாயோ தடித்த துணியோ சுற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சாண் கயிற்றைத் தளர்த்திவிட்டால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. பாயை ஏற்றும் கயிறுகள் பாய்மரத்தில் மோதி இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மரத்திலிருந்து விலக்கிக் கட்டினால்தான் யாருக்கும் தூக்கம் வரும். இவற்றுக்கு இடையில் புத்தகம் படிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

கேள்வி: ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட்டால் போதும் என்கிறார்களே?

பதில்: எந்த ஆழம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீரின் ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1.5 மீட்டர், ஓதத்தால், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தால், நீர்மட்டம் இன்னும் 1.5 மீட்டர் ஏறும் என்றால், கணக்கில் கொள்ள வேண்டியது 8 மீட்டர். ஐந்து மடங்கு என்று 25 மீட்டர் விட்டவருக்கு, ஓதம் ஏறியபின் உண்மையில் இருப்பது மூன்று மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கடுங்காற்றை எதிர்பார்க்கும்போது ஏழு மடங்காவது, அதாவது இந்த எடுத்துக்காட்டில் 56 மீட்டர், விடுவது நல்லது. ஏனெனில் காற்றின் வேகம் இரு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கடல்மைல் வேகக் காற்றில் உறுதியாக நின்ற படகு 40 கடல்மைல் வேகக் காற்றிலும் அப்படியே நிற்கும் என்று நம்புவதற்கில்லை. கூடுதல் சங்கிலியைக் காற்று வருமுன்பே விட்டுவிடுங்கள். விடுமுன் பக்கத்துப் படகுகள் சுழல்வதற்கும் இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மழைக்காக எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டுச் சமைக்கலாமா?

பதில்: கூடாது. மூடிய அறையில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை படாத பக்கத்தில் ஒரு திறப்பாவது திறந்திருக்கட்டும். குளிர்காய அடுப்பை ஏற்றிவைக்கும் பழக்கம் அறவே வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே சமைத்து முடித்ததும் சிலிண்டரின் வால்வையே மூடிவிட வேண்டும். காற்று சற்றுத் தணியும் வேளையில் ஒருமுறை சமைத்து, வெந்நீரைப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொண்டால் நாள் ஓடிவிடும்.

கேள்வி: மேகமூட்டத்தில் சூரியத் தகடுகள் வேலை செய்யாதபோது எந்த விளக்குகளை அணைக்கலாம்?

பதில்: நங்கூர விளக்கைத் தவிர எதை வேண்டுமானாலும் அணைக்கலாம். எல்லாத் திசையிலும் தெரியும் அந்த வெள்ளை விளக்கைச் சர்வதேசக் கடல் விதிகள் கோருகின்றன. எல்இடி விளக்காக இருந்தால் அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. மின்கலத்தைக் காலி செய்வது பெரும்பாலும் குளிர்பதனப் பெட்டிதான்.

கேள்வி: சென்ற பயணத்தில் காற்று சட்டென்று அடங்கியது. புறப்படலாம் என்றோம், படகுத் தலைவர் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியா?

பதில்: மிகச் சரி. காற்று அடங்குவது சில வேளைகளில் அது திசை மாறப்போவதன் அறிகுறி. குளிர்காற்று முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, கடக்கும்போது, பூமியின் வடபாதியில் காற்று பொதுவாகக் கடிகார முள் செல்லும் திசையிலும், தென்பாதியில் அதற்கு எதிராகவும் திரும்பும். அதுவரை கரையிலிருந்து வீசிய காற்று கடலிலிருந்து வீசத் தொடங்கினால், உங்களைக் காத்த அதே கரை உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். வெளிக்கடலில் எழும்பிய அலைகளோ காற்று ஓய்ந்தபின்னும் நெடுநேரம் அடங்குவதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றழுத்தமானியைப் பார்த்து எழுதி வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும்: விழுந்த அழுத்தம் வேகமாக ஏறினால் அது நல்ல செய்தி என்று மகிழ வேண்டாம், அப்போதும் காற்று வலுக்கக்கூடும். என்னைக் கேட்டால், தவறான நேரத்தில் புறப்படுகிறவர்களைக் கிளப்பிவிடுவது துணிச்சலைவிடச் சலிப்புதான்.

புறப்படும் நாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். பலநாள் காற்றில் நங்கூரம் ஆழமாகப் புதைந்திருக்கும். சங்கிலியைச் சுருட்டும் கருவியான வின்ச்சைக் கொண்டு பிடுங்க முயலாமல், சங்கிலி செங்குத்தாகும்வரை சுருட்டி, அதைப் படகில் இறுகக் கட்டிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால், படகு அலையில் ஏறி இறங்கும்போது நங்கூரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இளகிக்கொடுக்கும்.