25 ஹெச்பி குபோட்டாவுக்கு எந்த ட்ரெய்லர்

உங்க 25 ஹெச்பி குபோட்டா டிராக்டர ஏத்தி பிக்கப்ல இழுத்துட்டுப் போக எந்த ட்ரெய்லர் வாங்கலாம்னு கேட்டிருந்தீங்க. சிங்கிள் ஆக்சில் (ஒரே அச்சு) ட்ரெய்லர் சல்லிசா கெடைக்குதுன்னு சொல்றீங்களே, அத மறந்துடுங்க ப்ரோ. அதுல இருக்குறது 3500 பவுண்டு தாங்குற ஆக்சில், ட்ரெய்லரோட சொந்த எடைய கழிச்சா மிச்சம் சுமார் 2000 தான், உங்க எல் சீரிஸ் டிராக்டர் மட்டுமே 2500 கிட்ட வரும். அதுமேல முன்னாடி மண் அள்ளுற லோடர், பக்கெட் ஒரு 900, பின்னாடி அஞ்சடி புல்லு வெட்டுற மெஷின் 500க்கு மேல, டயர்ல தண்ணி ரொப்பியிருந்தா இன்னும் சில நூறு, ஆக நாலாயிரத்தைத் தாண்டிருச்சு பாருங்க. 7000 பவுண்டு டபுள் ஆக்சில் (ரெண்டு அச்சு) ட்ரெய்லர் தாங்கும், ஆனா இழுத்துப் புடிச்சு தான் இருக்கும், நானா இருந்தா 10000 தான் வாங்குவேன்.

நீளம் 16 அடி பத்தாது, அந்த புல்லு வெட்டுற மெஷின் மாட்டுனா 20 அடி வேணும், ஏன்னா டிராக்டர முன்ன பின்ன நகர்த்தி ஹிட்ச் (ட்ரெய்லர வண்டியோட மாட்டுற எடம்) மேல மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் வர்ற மாதிரி நிறுத்தணும், கொறஞ்சா ஹைவேல ட்ரெய்லர் வால ஆட்டும், நான் ஒரு தடவ அனுபவிச்சிருக்கேன், கை நடுங்கிருச்சு. அந்த எடை உங்க பிக்கப் தாங்குமான்னு டிரைவர் கதவு ஸ்டிக்கர்ல பேலோட, அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடைய, பாருங்க, விளம்பரத்துல போடுற டோயிங் (இழுக்குற எடை) நம்பர நம்பாதீங்க, ஆளுங்க எடையும் அந்த பேலோட்ல தான் சேரும்.

ரெண்டு ஆக்சில்லயும் எலக்ட்ரிக் பிரேக் இருக்கட்டும், வண்டில அந்த பிரேக்க இயக்குற கன்ட்ரோலரும் வேணும். டிராக்டர கட்டுறதுக்கு ராச்செட் பெல்ட் (இறுக்குற நாடா) வேணாம், நாலு மூலைக்கும் செயின் போடுங்க, பக்கெட்ட தரையோட எறக்கி வச்சுட்டு.