பதில்: சாமத்தியப்பட்ட மகளை ஜூடோவுக்கு விடலாமா?

அக்கா, சாமத்திய வீடு முடிந்ததும் மகளின் ஜூடோவை நிறுத்தச் சொல்லி அம்மம்மா நிற்கிறா, மாஸ்டரும் "பெட்டையளுக்குப் போட்டி எதுக்கு, பழகினால் போதும்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அம்மம்மாவைச் சமாளிக்கலாம். அவவுக்கு உடுப்புத்தான் பயமாக இருக்கும். பெண்கள் ஜூடோ உடுப்பின் மேல்சட்டைக்குள் வெள்ளை டீசேர்ட் போட்டே ஆக வேண்டும், அது போட்டி விதி. ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் அம்மம்மா மூன்றாம் நாளே பாயோரத்தில் இருந்து, "காலை இன்னும் உள்ளுக்குப் போட்டிருந்தால் அவள் விழுந்திருப்பாள்" என்று சொல்லத் தொடங்கிவிட்டா!

மாஸ்டரின் கதைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மரபு என்று இழுத்தால், கெய்கோ ஃபுகுதாவைத் தெரியுமா என்று கேளுங்கள். ஜூடோவை உருவாக்கிய கானோவிடமே பழகியவர். பெண் என்பதால் ஐந்தாம் டானிலேயே (டான் என்பது கறுப்புப் பட்டிக்குள் வரும் படிநிலை) பல வருடம் நிறுத்தி வைத்தார்கள். 2006இல் ஜூடோவின் தலைமையகமான கொடோகான் ஒன்பதாம் டான் கொடுத்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. பெண்கள் ஜூடோவுக்கு 1992இலேயே பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுத்தாயிற்று. உங்கள் மாஸ்டர் இன்னும் யோசிக்கிறார்.

சரி, அங்கே மகளின் எடையில் இன்னொரு பெட்டை பழகுகிறாளா என்று பாருங்கள். சோடி இல்லாமல் போட்டிக்குத் தயாராவது கஷ்டம். அதுவும் இல்லை, மாஸ்டரும் இறங்கி வரவில்லை என்றால் வகுப்பை மாற்றுங்கள்.