சறுக்கலுக்காகக் காத்திருக்கும் கேமரா

அன்புள்ள அண்ணனுக்கு,

லண்டனில் ஓர் ஆவணப்படக் குழுவில் உதவியாளராக இருக்கிறேன். போதைப் பழக்கத்தால் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் நிலையில் உள்ள பெற்றோருக்கு இங்கே தனிக் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. அங்கே சிகிச்சையோடு வழக்கையும் எதிர்கொள்ளும் ஒரு தாயை, அனுமதி பெற்றுப் படமெடுக்கிறோம். குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது சட்டம். முகமே இல்லாத படம் மனதில் நிற்குமா? அந்த அம்மா நன்றாகத் தேறிவருகிறார். அவர் ஒருமுறை சறுக்கினால்தான் படத்துக்கு உயிர் வரும் என்கிறார் தயாரிப்பாளர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பின்னணி இசை தேவையா என்பதிலும் குழப்பம்.

— உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

இசையைப் படத்தொகுப்பின்போது பார்த்துக்கொள்ளலாம். முகம் இல்லாவிட்டால் குரல் இருக்கிறது, கைகள் இருக்கின்றன. அதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

‘எனக்கும் அப்படித்தான் படுகிறது’ என்று எழுதினீர்களே, அந்த வரியால்தான் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் நீதிமன்றம் லண்டனில் 2008இல் தொடங்கியது. ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகப் பறிக்கப்படுவதைப் பார்த்துச் சலித்த நிக்கோலஸ் கிரைட்டன் என்ற நீதிபதி, அமெரிக்க முன்மாதிரியைக் கொண்டு அதை உருவாக்கினார். வழக்கு முழுவதும் ஒரே நீதிபதி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வக்கீல் இல்லாமல், தாயோ தகப்பனோ அவர் எதிரே உட்கார்ந்து பேசலாம். ‘போன வெள்ளிக்கிழமை குடித்துவிட்டேன்’ என்று அங்கே சொல்ல முடியும். சொன்னதற்காகவே பிள்ளை போய்விடாது. அடுத்து என்ன செய்வது என்று பேசுவார்கள். குடிப்பவனின் வீட்டில் முதலில் செத்துப்போவது உண்மை. அதைத் திரும்பப் பேசவைப்பதற்காக எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள்! அந்த அறைக்குள் சறுக்கலுக்காகக் காத்திருக்கும் ஒரு கேமராவோடு நீங்கள் போகிறீர்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வழக்குகளை 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டுச் சட்டம். அவசியமானால் நீதிபதி நீட்டிக்கலாம், ஆனால் பிள்ளையின் வயது காத்திருக்காது. இருபதாவது வாரத்தில் வரும் ஒரு சறுக்கல் அந்தப் பிள்ளையைத் தத்துக்கு அனுப்பிவிடக்கூடும். ஒரு காட்சிக்காக நீங்கள் ஆசைப்படுவது அதற்குத்தான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் தம்பி, நாக்கு கூசும்.

என் அப்பா குடித்தார். எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த குடிமறப்பு முகாமுக்கு அம்மா அவரை இழுத்துப்போனார். அங்கே வந்த ஒரு பத்திரிகைக்காரர், பெஞ்சில் வாய் திறந்தபடி கிடந்தவரைப் படமெடுத்து, குடியின் கொடுமையைச் சொல்லும் கட்டுரையோடு போட்டுவிட்டார். நல்லெண்ணத்தில் எழுதிய கட்டுரைதான். அப்பா அந்த முகாமுக்குப் பிறகு சாகும்வரை குடிக்கவில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நின்றார், என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தார், பேரனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதையெல்லாம் எவரும் படமெடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அந்தப் பத்திரிகைப் படத்தைப் பற்றித்தான். தங்கை அன்று அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.

சட்டம் பிள்ளையைக் காக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அடையாளத்தை மறைக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு வழக்கு நடக்கும்வரைதான். வழக்கு முடிந்தால் அந்தக் காவலும் முடிகிறது என்று 2006இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நீதிபதி தனியாக உத்தரவிட்டால்தான் நீளும். நீதிமன்றத்துக்குள் நடந்ததை வெளியிட வேறு தடைகள் உண்டு, சரி. ஆனால் அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் தன் தாயின் குரலை உங்கள் படத்தில் அடையாளம் காணுமே, அதை எந்தப் பிரிவு தடுக்கும்?

அந்த அம்மா இன்று தந்த சம்மதத்தை நம்பாதீர்கள். பிள்ளை கையில் இல்லாத தாய் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவாள். தீர்ப்பு வந்து சில மாதம் கழித்து, படத்தை அவருக்குப் போட்டுக்காட்டி, மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் காட்சியை வெட்டுங்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும். போதையைத் தொட்டாரா என்று தலைமுடியை வைத்துப் பார்க்கும் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களை எடுங்கள். கண்காணிப்பாளர் பக்கத்தில் இருக்க, பிள்ளையைப் பார்க்கப் போகும் அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் என்ன தின்பண்டம் வாங்குகிறார் என்று எடுங்கள்.

அவர் சறுக்கினால் கேமராவை அணைத்துவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். இதைப் படப்பிடிப்பு தொடரும் முன்பே தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அந்தப் படத்தை விட்டு வெளியே வாருங்கள். வந்தபின் எனக்கு எழுதுங்கள்.