படமும் தெரிய வேண்டும், எழுத்தும் தெரிய வேண்டும்: பவர்பாயிண்டில் வடிவங்களை ஒளிபுகச் செய்வது எப்படி?

கேள்வி: பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தை ஸ்லைடு முழுவதும் வைத்து, மேலே வெள்ளை எழுத்தில் நான்கு வரிகள் சேர்த்தேன். வானம் வெளிறியிருக்கும் இடத்தில் எழுத்து தெரியவில்லை. பின்னால் கறுப்புக் கட்டம் வைத்தால் விமானத்தின் உச்சி மறைந்துவிடுகிறது. 'நோ ஃபில்' கொடுத்தால் மறுபடியும் எழுத்து தெரிவதில்லை. கட்டம் பாதி மட்டும் தெரியும்படி செய்ய முடியுமா? அச்செடுத்தாலும் அப்படியே வருமா?

பதில்: முடியும். 'நோ ஃபில்' கட்டத்தின் நிறத்தையே எடுத்துவிடுகிறது. உங்களுக்குத் தேவையானது நிறம் இருந்தபடியே இருந்து, அதன் வழியே பின்னாலுள்ள படம் தெரிவது. கட்டத்தின் மீது வலது கிளிக் செய்து, வரும் பட்டியலில் 'ஃபார்மட் ஷேப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் திறக்கும் பகுதியில் 'ஃபில்' என்ற தலைப்பின் கீழ் 'சாலிட் ஃபில்' தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, நிறத்தைக் கறுப்பாக வைத்துக்கொண்டால், அதற்கு அடுத்தே 'டிரான்ஸ்பரன்சி' என்ற அளவுகோல் இருக்கும். அதில் 0 என்றால் கட்டம் பின்னாலிருப்பதை முழுவதும் மறைக்கும். 100 என்றால் கட்டத்தின் நிறமே தெரியாது. பலர் மேல் பட்டையிலுள்ள 'ஷேப் ஃபில்' பொத்தானை அழுத்தி, அங்கே வரிசையாக இருக்கும் நிறங்களை மட்டும் பார்த்துவிட்டு, இந்த வசதியே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலிலும் 'மோர் ஃபில் கலர்ஸ்' என்பதைத் திறந்தால், நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டியின் அடியில் இதே அளவுகோல் உண்டு.

இந்த அளவுகோல் வடிவத்தின் உட்புற நிறத்தை மட்டுமே மாற்றும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சுற்றியுள்ள கோடு அப்படியே அழுத்தமாக நிற்கும்; அதை நீக்க 'லைன்' என்பதன் கீழ் 'நோ லைன்' கொடுங்கள். கட்டத்துக்குள்ளேயே தட்டச்சு செய்த எழுத்தும் மங்காது. எழுத்தை மங்கச் செய்ய விரும்பினால் அதற்கு 'டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' பகுதியில் தனி அளவுகோல் இருக்கிறது. ஆகவே கட்டம் ஒன்று, அதன் மேல் எழுத்துப்பெட்டி ஒன்று என்று இரண்டாக வைக்காமல், நான்கு வரிகளையும் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். நகர்த்தும்போது இரண்டும் பிரிந்துபோகாது. ஆனால் அனிமேஷன் பட்டியலில் 'எம்ஃபசிஸ்' வகையிலும் 'டிரான்ஸ்பரன்சி' என்றே ஒன்று உண்டு. அது எழுத்தையும் சேர்த்து மங்கவைக்கும் என்பதால் இந்த வேலைக்கு அது உதவாது.

அடுத்தது எத்தனை சதவீதம் என்பது. பெரும்பாலோர் 50 என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்; நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கறுப்புக் கட்டம் 50 சதவீதத்தில் இருந்தால், அதன் பின்னாலுள்ள ஒளியில் பாதி நம் கண்ணுக்கு வரும். வெளிறிய வானம் ஏறத்தாழ வெள்ளை, அதாவது கறுப்பை 0 என்று கொள்ளும் கணினிக் கணக்கில் 255. அதில் பாதி சுமார் 127, நடுத்தரச் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலின் மேல் வெள்ளை எழுத்தின் ஒளி வேறுபாடு சுமார் 4-க்கு 1 மட்டுமே. வழக்கமான அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டு நெறி. அளவுகோலை 40-க்கு இறக்கினால் வானம் 102 ஆகி, வேறுபாடு 5.7-க்கு உயர்கிறது. எழுத்தின் பின்னால் மிக வெளிச்சமாக இருக்கும் இடம் எதுவோ, அதைக் கொண்டுதான் சதவீதத்தை முடிவு செய்ய வேண்டும். கல் கோபுரத்தின் மேல் எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று விட்டுவிட்டால், அதே வரி வானத்துக்குள் போகும்போது கரைந்துவிடும்.

வகுப்பறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. கறுப்பு என்று நாம் பார்ப்பது ஒளி விழாத திரைப் பகுதியைத்தான். ஜன்னல் வெளிச்சம் அங்கே விழுந்தால் உங்கள் கறுப்புக் கட்டம் சாம்பலாக வெளுத்துவிடும். எனவே மடிக்கணினியில் 40 போதும் என்று தோன்றினாலும், பகலில் நடத்தும் வகுப்புக்கு 30-இல் வைத்து, கடைசி பெஞ்சில் போய் நின்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் படத்துக்கு இன்னும் பொருத்தமான வழி, ஒரே சீரான கட்டத்தை விட்டு, நிறம் படிப்படியாக மாறும் 'கிரேடியன்ட் ஃபில்' எடுத்துக்கொள்வது. சிக்கல் வானத்தில்; விமானத்தை மறைக்க யாருக்கும் மனம் வராது. 'டைப்' என்பதில் 'லீனியர்', 'ஆங்கிள்' 90 என்று வைத்து, நிறப் புள்ளிகளில் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். முதல் புள்ளிக்குக் கறுப்பும் 30 சதவீதமும், கடைசிப் புள்ளிக்குக் கறுப்பும் 100 சதவீதமும் கொடுத்தால், நிழல் மேலிருந்து கீழே இறங்கி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் கல்லோடு கலந்துவிடும். இரண்டு புள்ளிக்கும் கறுப்பே இருக்க வேண்டும். எப்படியும் தெரியாத புள்ளிதானே என்று இரண்டாவதை வெள்ளையாக விட்டால், நடுவில் பனிமூட்டம் போல் சாம்பல் படரும்.

கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய விடாதீர்கள். 40 சதவீதக் கட்டங்கள் இரண்டு படியும் இடத்தில் 16 சதவீத ஒளிதான் கடந்து வரும். அங்கே ஒரு கரும்பட்டை விழும். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'மெர்ஜ் ஷேப்ஸ்' வழியே 'யூனியன்' கொடுத்தால் ஒரே வடிவமாகிவிடும். 'குரூப்' செய்வது இதற்குப் பயன்படாது.

வேறு மென்பொருளில் செய்பவர்களுக்கு: லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸ்ஸில் 'ஏரியா' பெட்டியின் 'டிரான்ஸ்பரன்சி' பக்கத்தில் இது இருக்கிறது, கூகுள் ஸ்லைட்ஸில் நிறப் பட்டியலின் 'கஸ்டம்' பகுதியில் இருக்கிறது. கேன்வாவில் கணக்கு தலைகீழ். அங்கே 100 என்றால் கட்டம் முழு நிறத்தில் தெரிந்து, பின்னாலிருப்பதை மறைக்கும்.

அச்சுக்கு வருவோம். பிரிண்ட் பக்கத்தில் 'ஃபுல் பேஜ் ஸ்லைட்ஸ்' என்ற பட்டியலைத் திறந்தால் அடியில் 'ஹை குவாலிட்டி' என்றொரு தேர்வு இருக்கும். ஒளிபுகும் வடிவங்களைப் பின்னணியோடு கலந்து அச்சிடச் சொல்வது அதுதான்; மறக்காமல் தேர்ந்தெடுங்கள். ஆனால் மாணவர்களுக்குக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், அந்த ஒரு ஸ்லைடைப் பிரதி எடுத்து, படத்தைச் சிறிதாக்கி, நான்கு வரிகளையும் படத்துக்குக் கீழே வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக வைத்துவிடுங்கள். நகல் இயந்திரத்தில் சாம்பல் நிழலும் கோயில் கல்லும் ஒரே கறுப்பாகிவிடும்.