ஷ்மித்தா முடிந்துவிட்டது, மைத்துனருக்குக் கொடுத்த கைமாற்று என்னவாகும்?

கேள்வி: ஜெருசலேமில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2021 தொடக்கத்தில் மைத்துனருக்கு 20,000 ஷெக்கல் கைமாற்றாகக் கொடுத்தேன். கெடு எதுவும் பேசவில்லை. யூத மரபில் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஓய்வு ஆண்டான ஷ்மித்தா முடிந்ததால் கடன் ரத்து என்கிறார். கடைப் பாக்கிகளும் போய்விடுமா? கட்டணம் கொடுத்தால் பழைய தேதியிட்டு புரொஸ்புல் என்ற பத்திரம் வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்தத் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏழாம் ஆண்டின் முடிவில் கடனை விட்டுவிட வேண்டும் என்கிறது விவிலியத்தின் உபாகமம் 15. அதற்குப் பயந்து பணக்காரர்கள் ஏழைகளுக்குக் கடன் கொடுக்காமல் கையை மூடிக்கொண்டபோது பண்டைய யூத அறிஞர் ஹில்லெல் ஏற்படுத்திய வழிதான் புரொஸ்புல்: 'வசூலை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறேன்' என்று எழுதும் தாள். பல ஜெப ஆலயங்களில் இதை இலவசமாகவே முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஷ்மித்தா 2022 செப்டம்பர் 25 மாலையே முடிந்துவிட்டது. இன்று எழுதி அன்றைய தேதி போட்டால் அது பொய்ப் பத்திரம். இப்படிப்பட்ட தாள்களை விற்றே பிழைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மைத்துனர் சொல்வது சரி. கெடு பேசாத கடனுக்கு 30 நாள்தான் கெடு. அது எப்போதோ தாண்டிவிட்டது. அப்போதே புரொஸ்புல் எழுதி, பிறகு அந்தத் தாள் காணாமல் போயிருந்தால் அதைச் சொல்லுங்கள், நம்புவார்கள். உண்மையாக இருந்தால் மட்டும். அவராக மனமுவந்து தந்தால், 'நான் விட்டுவிட்டேன்' என்று நீங்கள் சொல்ல வேண்டும். 'இருந்தாலும் தருகிறேன்' என்று அவர் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். அப்படித் தருகிறவரை பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா மெச்சுகிறது.

கடைப் பாக்கி வேறு கதை. 'பால் இரண்டு, ரொட்டி மூன்று' என்று புத்தகத்தில் ஏறிக்கொண்டே போகும் பற்றை ஷ்மித்தா தொடாது. அது கடனாகக் கொடுத்த பணமல்ல, விற்ற பொருளின் விலை. நீங்களே அதைக் கடனாக மாற்றினால்தான் வம்பு. கணக்கை முடித்து, 'இத்தனை ஷெக்கல், இன்ன தேதிக்குள்' என்று எழுதி, அந்தத் தேதியும் ஷ்மித்தாவுக்குள் வந்திருந்தால், அந்தப் பாக்கியும் போயிற்று. வெறுமனே மொத்தம் போட்டாலே கடனாகிவிடும் என்பவர்களும் உண்டு. எனவே பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கெடு எழுதியவற்றையும் மொத்தம் போட்டவற்றையும் தனியே எடுத்து ஒரு தயானிடம் (யூத மத நீதிபதி) காட்டுங்கள். மற்றவற்றை வழக்கம்போல் வசூலியுங்கள்.

அரசு ரபீனிய நீதிமன்றத்துக்கு (யூத மதகுருக்களின் நீதிமன்றம்) ஓடாதீர்கள். அதன் வேலை திருமணமும் விவாகரத்தும். பண வழக்குக்கு அது சரியான இடமல்ல. ஜன்னல் ஜன்னலாக அலைய விடுவார்கள். மைத்துனரைச் சம்மதிக்க வைத்து, தெரிந்த தயான் மூவர் முன் உட்காருங்கள். அடுத்த ஷ்மித்தா 2029 செப்டம்பரில் முடிகிறது. அதற்கு முன் புரொஸ்புல்லில் கையெழுத்திட்டு, நகலைப் பற்றுப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.