எஃப்.சி. பெயின்ட்டுக்காக வண்டி மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. 2017 மாடல் டாடா ஏஸ் ஓட்டுகிறேன். தோட்டங்களிலிருந்து காய்கறியை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவதுதான் தொழில். 2021 ஆகஸ்டில் பழைய வண்டியாக 2,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். கையிலிருந்து 80,000 போட்டு, ஃபைனான்ஸில் 1,80,000 எடுத்தேன். 13 சதவீத ஃபிளாட் வட்டி, 48 டியூ (தவணை), மாதம் 5,700. 2023-ல் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வந்தபோது பெயின்ட் அடிக்கப் பணம் இல்லாமல் அதே வண்டி மேல் டாப்-அப் (பழைய கடனை முடித்து, கூடுதல் பணமும் சேர்த்து எடுக்கும் புதுக் கடன்) எடுத்தேன். இப்போது அடுத்த எஃப்.சி. செப்டம்பர் கடைசியில். பட்டறையில் பட்டி வேலை, டூ-கே பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது), அதன்மேல் பளபளப்புக்கு செராமிக் கோட்டிங் எல்லாம் சேர்த்து 38,000 கேட்கிறார்கள். என் நண்பர், வீட்டிலேயே எனாமல் பெயின்ட் வாங்கி ரோலரில் அடித்துவிடலாம், நாலாயிரத்தில் முடியும் என்கிறார். அடிக்கலாமா, வண்டி கெட்டுவிடுமா? ஃபைனான்ஸ்காரர் டியூ மாறாமல் மறுபடி டாப்-அப் தருவதாகச் சொல்கிறார். என் மச்சானும் அதில் 25,000 தனக்குச் சேர்த்து எடுக்கச் சொல்கிறார், போன தடவை மாதிரி. அன்று வாங்கியதற்கு ஐந்து மாதம் 950 கட்டியதோடு நிறுத்திவிட்டார். கையில் 22,000 சேமிப்பு இருக்கிறது. பிரேக், லைட், டயர் வேலைக்கு 11,000 ஆகும் என்று மெக்கானிக் சொல்கிறார். வண்டியை இன்னும் பல வருடம் ஓட்டப்போகிறேன்.

பதில்: எனாமல் அடிக்கலாம். வண்டி கெடாது. அதை எப்படி அடிப்பது என்று பின்னால் விவரமாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாமல் செய்தது பெயின்ட் இல்லை. கடைசியில் வருகிற "டியூ மாறாமல்", "போன தடவை மாதிரி" என்ற சொற்கள்தான்.

முதலில் 2021-ஐப் பார்ப்போம். 1,80,000-க்கு 13 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் நான்கு வருடத்துக்கு வட்டி 93,600. மொத்தம் 2,73,600. அதை 48-ஆல் வகுத்தால் 5,700. ஃபிளாட் வட்டி என்பது நீங்கள் அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு அசலுக்கும் போடுகிற வட்டி. குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது ஏறக்குறைய 22 சதவீதம் வருகிறது. அதனால்தான் 2023-ல் 24 டியூ, அதாவது 1,36,800 ரூபாய் கட்டியிருந்தும், அசலில் சுமார் 70,000 மட்டும்தான் குறைந்திருந்தது. பாக்கி 1,10,000.

அந்த நேரத்தில் டாப்-அப் எடுத்தீர்கள். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தேன். பழைய கடனை முடிக்க 1,10,000. முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம், டாக்குமென்ட் செலவு, கடனோடு ஒட்டிக் கொடுத்த இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 7,000. பெயின்ட்டுக்கு 33,000. மச்சானுக்கு 30,000. கூட்டிப் பாருங்கள், 1,80,000. அதே 48 டியூ, அதே 5,700.

இப்போது 2025. மறுபடி 24 டியூ கட்டிவிட்டீர்கள். பாக்கி மறுபடி சுமார் 1,10,000. பட்டறை 38,000, மச்சான் 25,000, கட்டணங்கள் 7,000. மறுபடியும் 1,80,000! நான்கு வருடத்தில் 2,73,600 ரூபாய் கட்டிவிட்டு, வண்டி வாங்கிய அன்று இருந்த அதே கடனுக்குத் திரும்பப் போகிறீர்கள். 2021-ல் போட்ட கணக்கின்படி இந்த மாதத்தோடு கடன் தீர்ந்து வண்டி உங்கள் சொந்தமாகியிருக்க வேண்டும்.

டியூ மாறாது என்று ஃபைனான்ஸ்காரர் சொன்னது உண்மைதான். தொகை மாறாது, எண்ணிக்கை மாறும். இப்போது உங்களுக்கு மீதி 24 டியூ. டாப்-அப் எடுத்தால் 48. கூடுதலாக 24 தடவை 5,700, ஆக 1,36,800 ரூபாய். இதற்கு ஈடாக உங்கள் கைக்கு வருவது 63,000. அதிலும் 25,000 மச்சான் கைக்குப் போய்விடும். வீட்டில் நாலாயிரம் ரூபாயில் அடிக்கக்கூடிய பெயின்ட்டுக்காக இவ்வளவு பெரிய தொகையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி. எட்டைத் தாண்டினால் வருடா வருடம். உங்கள் வண்டி 2017 மாடல். இனிமேல் 2026, 2027 என்று ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். எஃப்.சி. வந்தால் டாப்-அப் என்ற பழக்கம் இதுவரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை உங்களைத் தள்ளியது. இனி வருடம் ஒரு தடவை தள்ளும். இந்த முறை நிறுத்தாவிட்டால் வண்டியின் ஆயுள் முடியும்வரை டியூ கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, பெயின்ட்டுக்கு வருவோம். எஃப்.சி. பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியில் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை. பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா, டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதா, பாடியில் துருப்பிடித்த ஓட்டை, நீட்டிக்கொண்டிருக்கும் தகரம் இருக்கிறதா, ஒளிரும் பட்டை சரியாக ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். வெங்காய மூட்டையும் தக்காளிப் பெட்டியும் தினமும் உரசுகிற சரக்குத் தொட்டிக்கு செராமிக் கோட்டிங் எந்த விதத்திலும் தேவையில்லை. நிழலில் நிற்கிற கார்களுக்காக விற்கிற பொருளை உங்களிடமும் விற்கப் பார்க்கிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

செலவைத் தோராயமாகப் போடுவோம். ஊருக்கு ஊர், கம்பெனிக்கு கம்பெனி விலை கொஞ்சம் மாறும். எனாமல் நாலு லிட்டர் 1,400. ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு லிட்டர் 250. டர்பன்டைன் இரண்டு லிட்டர் 300. பட்டி ஒரு கிலோ 200. எமரி, வாட்டர் பேப்பர் 350. ஸ்பாஞ்ச் ரோலர், பிரஷ், மாஸ்கிங் டேப் 400. இதெல்லாம் 2,900. ஒளிரும் பட்டை புதிதாக ஒட்டவும் சில்லறைச் செலவுக்கும் சேர்த்து 4,000 என்று வையுங்கள். உங்கள் நண்பர் சொன்ன கணக்கு சரிதான், ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். வண்டி நிற்கிற நாளுக்கும் காசு உண்டு. டீசல் போக நாளுக்கு 1,200 நிற்கிறது என்றால், ஐந்து நாள் நிறுத்தினால் 6,000 போயிற்று. அதனால் மார்க்கெட் விடுமுறையை ஒட்டி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தொட்டி, அடுத்த வாரம் கேபின். இரண்டு நாள் வாடகைதான் போகும், 2,400. ஆக 6,400. மெக்கானிக் வேலை 11,000. மொத்தம் 17,400. உங்களிடம் இருப்பது 22,000. எஃப்.சி. கட்டணத்துக்கும் மீதி இருக்கிறது. முதலில் பணம் போக வேண்டியது பிரேக்குக்கும் டயருக்கும்தான். பெயின்ட் அதற்குப் பிறகு.

அடிக்கிற முறையில் அவசரம் கூடாது. என் அப்பா ஆட்டோ ஓட்டினார். எஃப்.சி.க்கு முந்தின நாள் வாசலில் வைத்து ஒரே பூச்சாகக் கெட்டியாக அடிப்பார். மேலே தோல் கட்டிவிடும், உள்ளே காயாது, மறுநாள் வெயிலில் சுருங்கிப் போகும். எனாமலை மெல்லிசாக அடிக்க வேண்டும், காய ஒரு முழு நாள் விட வேண்டும். முதலில் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு போக எடுங்கள். பிசுக்கு இருந்தால் எந்த பெயின்ட்டும் பிடிக்காது. துருவைக் கம்பி பிரஷால் தகரம் தெரியும்வரை சுரண்டிவிட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடியுங்கள். சுரண்டிய தகரத்தை இரவு பனியில் விட்டால் மறுபடி துரு ஏறும். பள்ளத்துக்குப் பட்டி வைத்துத் தேயுங்கள். பழைய பெயின்ட் நன்றாக இருக்கும் இடத்தில் அதை முழுக்க எடுக்க வேண்டியதில்லை, பளபளப்பு மங்கும்வரை 320 நம்பர் பேப்பரில் தேய்த்தால் போதும். அப்புறம் எனாமலில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, ஸ்பாஞ்ச் ரோலரில் ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்தபின் 400 அல்லது 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது பூச்சு. தொட்டிக்கு இது போதும். கேபினுக்கு வேண்டுமானால் மூன்றாவது.

உங்கள் பக்கம் ஆடிக்காற்று எப்படி மண்ணை வாரி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணியில் காற்று தணிந்த பிறகு, காலை நேரத்தில், கொட்டகைக்குள் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். புரட்டாசி மழைக்குள் முடிக்க வேண்டும். பெயின்ட் துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்துப் போடாதீர்கள். எனாமல் காயும்போது சூடு வரும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கவும் கூடும். விரித்துக் காயப்போடுங்கள். கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்து டூ-கே பெயின்ட்டையே வீட்டில் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் கலக்கிற ஹார்டனரின் புகை நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

நிறத்தை மாற்றாதீர்கள். ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றில்) வெள்ளை என்று இருந்தால் வெள்ளையே அடியுங்கள். நிறம் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், கடன் இருக்கிற வண்டி என்பதால் ஃபைனான்ஸ்காரர் சம்மதமும் வேண்டும். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். அதன்மேல் பெயின்ட் ஏறி எழுத்து மூடிவிட்டால் எஃப்.சி. அன்று பென்சிலில் பிரதி எடுக்க முடியாமல் தவிப்பீர்கள். ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அங்கீகாரம் உள்ளதை வாங்கி, ஒட்டியதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

எனாமலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பட்டறை பெயின்ட் போல அது வெயில் தாங்காது, பளபளப்பு சீக்கிரம் மங்கும், வெள்ளை நாளாக நாளாக மஞ்சளிக்கும். பின்னால் பட்டறையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடிக்க நினைத்தால், அதன் தின்னர் பட்டு எனாமல் பொங்கிச் சுருங்கும், முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கும். ஒரு வருடத்தில் வண்டியை விற்கும் யோசனை இருந்தால் கேபினில் எனாமல் வேண்டாம், பாலிஷ் மட்டும் போடுங்கள். இன்னும் பல வருடம் ஓட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தாராளமாக அடிக்கலாம்.

மச்சான் விஷயம் கஷ்டமானது, எனக்குத் தெரியும். மனைவியின் தம்பி, வீட்டில் சங்கடம் வரும். ஆனால் 2023-ல் அவர் பங்கு 30,000-க்கு மாதம் 950 வருகிறது. ஐந்து மாதம் அவர் 950 கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள், 4,750. மீதி 19 மாதமும் அவர் பங்கைக் கட்டியது நீங்கள், 18,050 ரூபாய். அதைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடச் சொல்லவில்லை. முதலில் மனைவியிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். தம்பிக்கு எவ்வளவு போனது, வீட்டுக்கு எவ்வளவு பாரம் என்று அவருக்கு இதுவரை தெரிந்திருக்காது. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து மச்சானிடம், "வண்டி மேல இனிமே கடன் எடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு உண்மையிலேயே நெருக்கடி என்றால், திரும்ப வராது என்று நினைத்தே இரண்டாயிரமோ மூவாயிரமோ கையில் கொடுங்கள். உங்கள் பெயரில் கடன் எடுத்து மட்டும் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் பணம் தருகிற செல்போன் ஆப் கடனைக் காட்டி "இதுலயாவது எடுத்துக் கொடு" என்று கேட்டாலும் அதே பதில்தான்.

ஃபைனான்ஸ்காரர் திரும்ப வந்தால் ஒன்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனங்கள் 2024 அக்டோபர் முதல், கடன் கொடுக்கும் முன் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்து வருடாந்திர வட்டி எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். 13 என்று வாயால் சொன்னது அந்தத் தாளில் 22-க்கு மேல் இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். தாள் தர மறுத்தால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த வருட எஃப்.சி.க்கு இப்போதே ஆரம்பியுங்கள். வண்டி ஓடுகிற ஒவ்வொரு நாளும் 50 ரூபாய். வருடத்தில் 300 நாள் ஓடினால் 15,000. டப்பாவில் போட்டு, மாதக் கடைசியில் வங்கியில் 1,250 ரூபாய்க்கு பன்னிரண்டு மாத ஆர்.டி. (தொடர் வைப்பு) கட்டுங்கள். அடுத்த முறை தொட்டிக்கு ஒரு பூச்சு எனாமலும் பிரேக் வேலையும் அதிலேயே முடியும்.

மீதி 24 டியூவையும் தவறாமல் கட்டினால் 2027 ஆகஸ்டில் கணக்கு முடியும். அன்றைக்கே ஃபைனான்ஸில் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கிவிடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.